யாருக்காக இளைச்ச?

— அந்தக் கதையெல்லாம் வாணாம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் காலைல ஆறு மணிக்கு சுடிதாரு போட்டுக்கினு, ஷூ மாட்டிக்கினு கெளம்பறியே, எங்க போற?

— இதென்ன கேள்வி? செங்கம் ரோட்டு டாக்டரம்மாகிட்டதான். ஆறு மாசமா எடை குறைக்கற வகுப்புக்குப் போறது உங்களுக்குத் தெரியாதா? கடைய மூடிட்டு வந்து போலீஸ்காரன் மாதிரி வாசல்ல நிக்கிறீங்க. தள்ளுங்க, உள்ள போறேன்.

— இன்னைக்கும் அங்கதான் போய்ட்டு வரியா?

— அங்கதான்.

— அந்த டாக்டரம்மா இப்பதான் கடைக்கு ஃபோன் பண்ணாங்க. ஒரு பம்பு மோட்டாருக்கு காயில் சுத்திக்கினு இருந்தேன். 'பரசுராமன் சாருங்களா? உங்க வீட்டம்மா பச்சையம்மாள் எப்படி இருக்காங்க? ஏழு வாரமா வரலியே, உடம்பு சரியில்லியா?'ன்றாங்க. சுத்தின காயில் கையோட அவுந்து போச்சி. ஏழு வாரம் பச்ச!

— உள்ள வந்து ஒக்காருங்க. தண்ணி தரேன்.

— தண்ணி வாணாம். ஏழு வாரம், வாரத்துக்கு ரெண்டு நாளு. பதினாலு நாளு எவனப் பாக்கப் போன?

— எவனையும் பாக்கல.

— அந்த டிரில் மாஸ்டர் பையன்தான? அறிவுச்செல்வன். 'அக்கா சூப்பர், அக்கா இன்னும் ரெண்டே கிலோ'னு கையத் தட்டிக்கினு குதிக்கிறானே, அவன்தான?

— இருங்க. அவன் கையத் தட்டறது உங்களுக்கு எப்படித் தெரியும்? அது உள்ள நடக்கற வகுப்பு.

— எதிர்ல டீக்கடை இருக்குது. அங்கேர்ந்து ஜன்னல் வழியா தெரியும்.

— அந்த டீக்கடைல நீங்க என்ன பண்றீங்க?

— டீ குடிச்சேன். நாலஞ்சு தடவ.

— நம்ம வீட்டுக்கும் அந்த டீக்கடைக்கும் ஆறு கிலோமீட்டர். நாலஞ்சு தடவ டீ குடிக்க அங்க போனீங்களா?

— சரி, ஆடிக்கு முன்னாடி ஒரு பத்து தடவ. போன சித்திரையில நீங்கள்லாம் கிரிவலப் பாதைல அடி அண்ணாமலை வரைக்கும் நடந்தீங்களே, அன்னைக்கு வண்டிய மெதுவா ஓட்டிக்கினு பின்னாடியே வந்தேன். நீ ஒரு தடவகூட திரும்பிப் பாக்கல. கைய வீசிக்கினு, வெள்ளைக்காரி மாதிரி நடக்கற. யார் வீட்டுப் பொண்டாட்டியோனு இருந்திச்சி எனக்கு.

— அந்தப் பையனுக்கு இருபத்தி மூணு வயசுங்க. எனக்கு முப்பத்தஞ்சு. என் பொண்ணு ஆறாவது படிக்கிறா.

— அவன் இல்லனா வேற யாரு? சொல்லிடு. நான் தெரிஞ்சிக்கணும்.

— சொல்றேன். சிரிக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெஸ்ஸு இருக்கு. ஆறரைக்கே அடுப்பு பத்த வெச்சிடுவாங்க. அங்கதான் போறேன்.

— அங்க யாரு இருக்கா?

— பூரி இருக்கு. பொங்கல் இருக்கு. மூலைல சுவத்தப் பாத்தாப்ல ஒக்காந்துக்குவேன். நாலு பூரி, ஒரு பொங்கல், ரெண்டு வடை. அப்புறம் ஒரு நெய் தோசை. தின்னுட்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல ஒம்பது மணி வரைக்கும் ஒக்காந்துட்டு வந்துடுவேன். அவ்வளவுதான்.

— கதை உடற.

— இந்தாங்க, கைய மோந்து பாருங்க. சோப்புப் போட்டும் போகல.

— சாம்பாரு.

— இப்போ இந்த சுடிதாரப் பாருங்க. ஆடி மாசம் தொளதொளன்னு இருந்துச்சி, பின் குத்திப் போட்டேன். இன்னைக்குக் கை ஏற மாட்டேங்குது. எவனையோ பாக்கப் போறவ இப்படி ஒம்பது கிலோ ஏறுவாளாங்க?

— ஒம்பதா?

— எழுபத்தஞ்சு வரைக்கும் எறங்கியிருந்தேன். இப்போ எண்பத்தி நாலு.

— அடிப்பாவி. அன்னைக்குக் கண்ணாஸ்பத்திரில இன்னா சொன்னாங்க, நீயும்தான கேட்டுக்கினு இருந்த? தொண்ணூத்தி நாலு கிலோ, சுகரு முன்னூத்தி நாப்பது. வலது கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதுனு படம் புடிச்சிக் காட்டினாங்க. எடையும் சுகரும் கம்மியாவலனா ஒரு வருஷத்துல பார்வ போயிடும்னு சொல்லல?

— சொன்னாங்க.

— கண்ணு போனாலும் பரவால்லனு பூரி தின்றியா?

— அந்த நேரத்துல கண்ணு ஞாபகம் வராதுங்க.

— எனக்கு ஒண்ணும் புரியல பச்ச. நீயா எறங்கின. பட்டினி இல்ல, மாத்திர மந்திரம் இல்ல. கேழ்வரகும் கீரையும் தின்னு, நடந்து, பத்தொம்பது கிலோ எறக்கின. உனக்கே சந்தோஷமாதான இருந்திச்சி?

— சந்தோஷமாதான் இருந்துச்சி. குனிஞ்சி ஷூ லேஸு கட்ட முடிஞ்சிதே, அன்னைக்கு அழுதுட்டேன். சினேகா ரெண்டு கையாலயும் என் இடுப்பக் கட்டிப் புடிச்சி, 'அம்மா, விரலு விரலு தொடுது'ன்னா. அவ பொறந்ததுலேர்ந்து அப்பதான் தொட்டுச்சி.

— பின்ன ஏன்?

— இருங்க. நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க மொதல்ல சொல்லுங்க. ஒரு ஒண்ணரை மாசமா கடைலேர்ந்து வரும்போது ஒரு நாள் ஜாங்கிரி, ஒரு நாள் பால்கோவா, ஒரு நாள் கார முறுக்குனு வாங்கிட்டு வர்றீங்களே. அது எதுக்கு?

— சினேகாவுக்கு.

— சினேகா ஸ்வீட்டக் கையாலகூட தொடமாட்டா. அது உங்களுக்குத் தெரியும்.

— கேட்டினா செருப்பால அடிப்ப.

— ஷூதான் இருக்கு. சொல்லுங்க.

— நீ எளைக்க எளைக்க எனக்குப் பொறுக்கல. முன்னெல்லாம் கடைத்தெருவுல நீ நடந்தா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். இப்போ பாக்கறானுங்க. பால் பூத்து வேணு, 'அண்ணிக்கு வயசு கொறைஞ்சிக்கினே வருது அண்ணே'ன்றான். ரேஷன் கடைல ஒரு கெழவி உன்ன என் பொண்ணான்னு கேட்டா. நான் இன்னா? அஞ்சடி மூணங்குலம். தலைல முடி இல்ல. நகமெல்லாம் வார்னிஷு. தொண்ணூத்தி நாலு கிலோல நீ எனக்கு மட்டும்தான் இருந்த பச்ச. அதான். கொஞ்சமா ஏறட்டுமேனு.

— கண்ணு போனாலும் பரவால்லயா?

— அந்த நேரத்துல எனக்கும் கண்ணு ஞாபகம் வரல.

— சரி.

— இன்னா சரி? திட்டு. ரெண்டு வார்த்தை திட்டிடு.

— திட்டறதுக்கு இல்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்குங்க. நீங்க வாங்கிட்டு வந்தீங்கனு நான் திங்கல. அதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளே.

— அன்னைக்கு இன்னா?

— முந்தின நாள் ஒருத்தரு ஒரு வார்த்தை சொன்னாரு.

— யாரு? இன்னா வார்த்தை?

— 'இப்பதான் பாக்கறதுக்குப் பொம்பளை மாதிரி இருக்க'னு.

— இருக்கவா? இருக்கீங்க இல்ல, இருக்க! உன்ன நீ வா போனு பேசறவன் யாருடி? தெரிஞ்சி போச்சி. உங்க மாமன் மவன் ராமதாஸு! காவடி எடுக்கறேன்னு வந்து ரெண்டு நாள் நம்ம வீட்டுலதான தங்கினான். நான் அன்னைக்கே பாத்தேன். எனக்கு ஒரு அப்பளம், அவன் தட்டுல மூணு.

— விருந்தாளிங்க அவரு. அப்பளத்தக்கூடவா எண்ணினீங்க?

— எண்ணினேன். பதிமூணு வருஷமா எண்ணிக்கினுதான் இருக்கேன். உனக்குக் கட்டிக்கிற மொறை அவன். ஒசரமா இருக்கான், வாத்தியார் வேல. அவன் வர்றப்பலாம் எனக்கு சோறு எறங்கறதில்ல. இன்னா சொன்னான், பொம்பளை மாதிரி இருக்கன்னானா?

— ராமதாஸ் மாமா சொல்லல.

— பின்ன யாரு? அந்தப் பேர சொல்லு.

— பேர விடுங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல அவரு.

— சொல்லல அவரு! மரியாதைய பாரு. கட்டினவன் இருக்கும்போது எவனோ வந்து பொம்பளை மாதிரி இருக்கனு சொல்லிட்டுப் போறான், இவ அவனுக்கு ரு போடறா. கேக்க ஷோக்கா இருந்திச்சா?

— வாந்தி வந்துச்சி.

— இன்னாது?

— பாத்ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு வாந்தி எடுத்தேன். தண்ணியத் தெறந்துவிட்டேன், உங்களுக்குக் கேக்கக் கூடாதுனு. மறுநாள் காலைல கடைக்குப் போய் அரை கிலோ மைசூர்பாகு வாங்கி, வழியிலயே நின்னு தின்னேன். முழுசா. கடைசித் துண்டு எறங்கினப்புறம்தான் படபடப்பு அடங்கிச்சி.

— ஒரு வார்த்தைக்கா? எங்கம்மாகூடதான் உன்ன ஆயிரம் வார்த்தை சொல்லியிருக்கு. நீ காதுல வாங்கினதே இல்ல.

— இந்த வார்த்தைய நான் அதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டிருக்கேங்க. அட்சரம் மாறாம.

— எங்க?

— கல்யாணத்துக்கு முன்னாடி தேரடித் தெருவுல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல வேல பாத்தேனே.

— தெரியும். உங்கப்பா சொன்னாரு.

— அப்பாவுக்குத் தெரிஞ்சத சொன்னாரு. தெரியாதது ஒண்ணு இருக்கு. எம்பத்தொம்பதுல, கார்த்திகை தீபத்தன்னைக்கு. எனக்கு இருபது வயசு. அம்பத்தி ரெண்டு கிலோ இருந்தேன். ஒரு மனு அவசரமா அடிச்சிக் குடுக்கணும்னு மொதலாளி ஆளனுப்பினான். லீவு நாளாச்சேனு அம்மா கேட்டாங்க. அப்பாதான், 'பெரிய மனுஷன் கூப்பிடறாரு, போய் அடிச்சிக் குடுத்துட்டு அப்படியே தீபம் பாத்துட்டு வா'னு அனுப்பினாரு. நான் பேப்பர மெஷின்ல சொருகிக்கிட்டு இருக்கேன், பின்னாடி ஷட்டர் எறங்கற சத்தம். திரும்பினேன். அப்பதான் சொன்னான், 'இப்பதான் பாக்கறதுக்குப் பொம்பளை மாதிரி இருக்க'னு.

— பச்ச...

— தெருவுல கால் வெக்க எடமில்ல. ஊரே மலை உச்சிய அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது. சரியா அந்த நேரத்துக்குத் தீபம் ஏத்திட்டாங்க. அரோகரா அரோகரானு ஷட்டரே அதிருது. நான் கத்தினது எனக்கே கேக்கல.

— வாணாம். போதும் பச்ச.

— இன்னும் கொஞ்சம்தான். நானே ஷட்டரத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன். எல்லாரும் கையத் தலைமேல கூப்பிக்கிட்டு மேல பாக்கறாங்க. அவங்களுக்கு நடுவுல புகுந்து புகுந்து வீட்டுக்கு வந்தேன். 'தீபம் பாத்தியா'னு அம்மா கேட்டாங்க. பாத்தேன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் வேற ஒண்ணும் சொல்லல.

— அவன் எங்க இருக்கான்? எந்தத் தெரு? சொல்லு, இப்பவே போறேன்.

— செத்துட்டான். ஆறு வருஷமாச்சி. கண்ணீர் அஞ்சலினு போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. நீங்கதான் காட்டி, 'நல்ல மனுஷன், பாவம்'னு சொன்னீங்க.

— நானா சொன்னேன்?

— நீங்கதான்.

— அப்போ எனக்கு முன்னாடியே உன்ன...

— முடிக்காதீங்க. அத மட்டும் முடிச்சீங்கனா சினேகா ஸ்கூலு விட்டு வர்றதுக்குள்ள நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.

— முடிக்கல. சத்தியமா முடிக்கல. என் புத்தி அங்கதான் போவுது பச்ச, இன்னா பண்றது. செத்துப்போன நாயி மேலகூட எரியுது எனக்கு. காறித் துப்பு என் மூஞ்சில.

— எரியட்டும். உள்ள எரிஞ்சா நான் ஒண்ணும் கேக்கல. வாயால வராம பாத்துக்குங்க.

— அப்புறமும் அங்கயேவா வேலைக்குப் போன?

— நிக்கணும்னா காரணம் சொல்லணுமே. போனேன். மறுபடி ரெண்டு தடவ ஷட்டர்கிட்ட போனான். ஒரு தடவ போஸ்ட்மேன் வந்துட்டாரு. ஒரு தடவ நான் ஓடிட்டேன். அப்புறம் எனக்குப் பசிக்க ஆரம்பிச்சிது. அப்படி ஒரு பசி. காலைல நாஷ்டா முடிச்சிட்டு, போற வழியில போண்டா, மத்தியானம் டப்பா சோறு போதாம பக்கத்துப் பொண்ணு டப்பா. 'வேலைக்குப் போற பொண்ணு, நல்லா சாப்பிடட்டும்'னு அம்மாவுக்கு சந்தோஷம். ஒரே வருஷத்துல எழுபத்தெட்டு கிலோ. ஒரு நாள் அவன் என்ன ஏற எறங்கப் பாத்தான். 'என்ன பச்ச, பூசணிக்கா மாதிரி ஆயிட்ட'னு மூஞ்சிய சுளிச்சிக்கிட்டு உள்ள போயிட்டான். அதுக்கப்புறம் என் மேசை பக்கமே வரல.

— ம்.

— அன்னைக்குத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சி, கதவத் தாழ்ப்பாள் போட்டமான்னு எழுந்து எழுந்து பாக்காம தூங்கினேன். ராமதாஸ் மாமா வீட்டுல, பொண்ணு ஊதிட்டானு வேணாம்னுட்டாங்க. அம்மா ஒப்பாரி வெச்சாங்க. எனக்கு அழுகையே வரல. இந்த உடம்பு இருக்கு, இனிமே யாரும் கிட்ட வர மாட்டாங்கனு இருந்துச்சி.

— அப்புறம் நான் வந்தேன்.

— வந்தீங்க. பொண்ணு பாக்க வந்து என்னப் பாக்கவே இல்ல. மேல ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.

— அதுல காயிலு போயிருந்திச்சி. சத்தத்துலயே தெரிஞ்சிது.

— அதனாலதான் சரின்னேன்.

— நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? வேற எவனும் கேக்கலனு எனக்குத் தலையாட்டினனு நெனச்சேன். இம்மா வருஷமா.

— நீங்க கேட்டிருக்கலாம்.

— கேக்க பயம். சரி, டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?

— தெரியாது. ஆனா ஏதோ இருக்குனு கண்டுபுடிச்சிட்டாங்க. மைசூர்பாகு தின்னு ஒரு வாரம் கழிச்சி, ஒரே ஒரு தடவ போனேன். ரெண்டு கிலோ ஏறியிருந்துச்சி. திட்டுவாங்கனு நெனச்சேன், திட்டல. மத்தவங்கள வெளிய அனுப்பிட்டு, 'எந்த வருஷத்துலேர்ந்து எடை ஏற ஆரம்பிச்சிதும்மா'ன்னாங்க. எம்பத்தொம்பதுன்னேன். எழுதிக்கிட்டே நிமிந்து பாத்து, 'அந்த வருஷம் உங்களுக்கு என்ன நடந்துச்சி?'ன்னாங்க.

— நீ இன்னா சொன்ன?

— பைய எடுத்துக்கிட்டு எழுந்து வந்துட்டேன். வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தாங்க. 'இப்படி நல்லா எளைச்சிட்டு வரும்போது பாதியில நிக்கிறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன். அவங்கள்ல சில பேருக்கு எளைக்க எளைக்க பயம் வந்துடும். அது உங்க தப்பும் இல்ல, நாக்கோட தப்பும் இல்ல. அந்த பயத்துக்கும் சேத்துதான் நாம வைத்தியம் பாக்கணும். இன்னைக்கு சொல்ல வேணாம். வந்துக்கிட்டு மட்டும் இருங்க'ன்னாங்க. அப்புறம் அந்தத் தெருப்பக்கமே என்னால போக முடியல. வீட்டுல இருந்தா நீங்க கேப்பீங்க. அதான் பூரி.

— ஃபோன்லகூட 'அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க, கூட்டிட்டு மட்டும் வாங்க'ன்னாங்க. நான்தான் வேற மாதிரி புரிஞ்சிக்கினு ஓடி வந்தேன். கெளம்பு, போலாம்.

— இப்பவா?

— இப்பவே. ஷூவ கழட்டாத. நீ உள்ள போய்ப் பேசு, எம்மா நேரமானாலும் பேசு. நான் வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்கேன். டீக்கடைல இல்ல, உன் கண்ணுக்குத் தெரிய.

— ஜாங்கிரி?

— இனிமே அந்தக் கடை வழியாவே வர மாட்டேன்.

— சரி, வரேன். அந்த துப்பட்டாவ எடுங்க.

— இந்தா. பச்ச, ஒண்ணே ஒண்ணு.

— தெரியும். கேக்காதீங்க.

— செத்தவன நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆடிக் கிருத்திகைக்கு சொன்னானே, அவன் உயிரோடதான இருக்கான்? அவனால இல்ல உனக்கு ஒம்பது கிலோ ஏறிச்சி. அவனால இல்ல கண்ணு போவப் பாத்திச்சி. பால் பூத்து வேணுவா?

— இல்ல.

— ராமதாஸுதான். மறைக்கற.

— அவரு காவடி முடிச்சி மத்தியானமே பஸ் ஏறிட்டாரு.

— உள்ள போய் டாக்டரம்மாகிட்ட அவன் பேர சொல்லுவியா, மாட்டியா?

— கேட்டா சொல்லணும்.

— அவங்களுக்கு சொல்லுவ, எனக்கு சொல்ல மாட்ட?

— சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. அவரு மேல எனக்குக் கோவமும் இல்ல. ஆசையாதான் சொன்னாரு. அந்த வார்த்தை எனக்கு எப்படிக் கேக்கும்னு அவருக்குத் தெரியாது.

— இம்மாம் நடந்தும் அவனுக்குப் பரிஞ்சி பேசற பாரு. அதான் பச்ச எனக்குத் தாங்கல. அடிக்க மாட்டேன், சண்டைக்குப் போக மாட்டேன், சினேகா மேல சத்தியம். பேர மட்டும் வாயத் தெறந்து சொல்லிடு.

— புருஷன் பேர எப்படிங்க வாயால சொல்றது?